‘நினைவிழந்து’ என்ற சொல்லை நீக்கவும்

என்னங்க,

நினைவு மலரில் இப்படியா தொடங்குவது என்று உங்கள் தங்கை ரஞ்சி கேட்பாள். அவளுக்கு ‘அமரர்’ என்று ஆரம்பித்து ஊர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் வரிசையாக வர வேண்டும். அவை முதல் பக்கத்தில் அழகாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் உங்களைக் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். “எனக்குச் சிவநேசன் எண்டு ஒரு பேர் இருக்கு, ஒருக்காச் சொல்லிப் பாருமன்” என்று நீங்களும் எத்தனையோ தரம் கேட்டீர்கள். எனக்குக் கூச்சம் விடவில்லை. இனிமேல் எங்கே விடப்போகிறது?

சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுகஸ்தோட்டை வீடு அப்படியே இருக்கிறது. பின்பக்கத்து ஜம்பு மரம் இந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்தது, கீழ் வீட்டு மெனிக்கே அக்கா வாளி வாளியாக எடுத்துப்போனார். உங்கள் சாய்வுக் கதிரையின் துணி கிழிந்துவிட்டது, புதுத் துணி போட்டிருக்கிறேன். நிறம் உங்களுக்குப் பிடிக்காது. நான் இன்னும் கண்டிக்குப் பஸ் ஏறி அச்சகத்துக்குப் போய்ப் பிழை திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வெடுக்கச் சொல்லி முதலாளி ஜாடையாகப் பேசுகிறார். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

அச்சகத்தில் ஒரு புதுமை. இப்போது போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடுகிறது. கல்யாணக் கார்டு விபரமெல்லாம் அப்படித்தான் வருகிறது. நான் பேசினால் ஓரளவு ஒழுங்காக எழுதுகிறது. ரஞ்சி உங்கள் ஊர்த் தமிழில் பேசினால் தடுமாறிப்போகிறது. பிறகு பேசுகிறேன் என்பதற்கு அவள் ‘பேந்து கதைக்கிறன்’ என்று சொல்லியிருக்கிறாள், எனக்கு ‘பேருந்து கதைக்கிறேன்’ என்று வந்து சேர்ந்தது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு கிழமை, ஏழு நாளும், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, “இது விளங்கி எழுதுதோ, விளங்காமல் எழுதுதோ?” என்று கேட்டிருப்பீர்கள். நான் ஒன்று சொல்ல, நீங்கள் அதற்கு எதிராக ஒன்று சொல்ல, சோறு ஆறிப்போயிருக்கும்.

இந்த மலர் உங்கள் ஆட்களின் வழக்கம். ஒருவர் போனால் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, அதில் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் உறவினர்களின் புலம்பலும் போட்டு, திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடுவதோடு சரி. ரஞ்சி பருத்தித்துறையில் இருந்துகொண்டு ஒற்றை ஆளாக எல்லாம் செய்கிறாள். எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறாள். “அண்ணி, வடிவா எழுதித் தாங்கோ” என்றாள். உங்கள் தமிழில் வடிவாக என்றால் அழகாக என்றும் அர்த்தம், ஒழுங்காக என்றும் அர்த்தம். இரண்டில் எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முழு மலரையும் பிழை பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தாள். ஒற்று வர வேண்டிய இடத்தில் ஒற்றுப் போட்டு, லகர ளகரம் திருத்தி, நிதானமாக வந்துகொண்டிருந்தேன். வாழ்க்கை வரலாற்றின் கடைசியில் இந்த வரி இருந்தது: ‘இறுதிக் காலத்தில் பாரிசவாதத்தினால் பீடிக்கப்பட்டு, நினைவிழந்து, உற்றார் உறவினரை அறியாத நிலையில் வாழ்ந்து இறையடி சேர்ந்தார்.’

அதில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. நான் ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதினேன்: ‘நினைவிழந்து என்ற சொல்லை நீக்கவும். உற்றார் உறவினரை அறியாத என்பதையும் நீக்கவும்.’ போட்டோ பிடித்து ரஞ்சிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் ஒரே வரியில் பதில் வந்தது. ‘அது அப்பிடியே இருக்கட்டும் அண்ணி.’

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெனிக்கே அக்கா வந்து ஏன் சட்டியைப் போட்டு உடைக்கிறாய் என்று கேட்டுப் போனார். மலர் ஊரெல்லாம் போகும், கனடாவுக்கும் போகும். உங்களை ஒரு நாளும் காணாத பிள்ளைகள்கூட, கடைசியில் அவர் ஒன்றும் அறியாமல் கிடந்தாராம் என்று தெரிந்துவைத்திருப்பார்கள். நமக்கு ஒரு பிள்ளை இருந்தால் அது வாயைத் திறந்து இல்லையென்று சொல்லும். இருப்பது நான் ஒருத்தி. நீங்கள் அறிந்துதான் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரியுமா? உண்மையில் தெரியுமா? அதைக் கேட்கத்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் பழைய சண்டையே இதுதானே. நில அளவையாளராக நீங்கள் கண்டிக்கு வந்த புதிதில், சிநேகிதன் ஒருவனின் கல்யாணக் கார்டை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தீர்கள். நான் அவசர அவசரமாகப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆறுதலாப் பாருங்கோ” என்றீர்கள். எங்களுக்கு ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வது. முன்பின் தெரியாத இந்த மனுசன் எனக்கு எதற்கு ஆறுதல் சொல்கிறார், என் முகம் அவ்வளவு அழுமூஞ்சியாகவா இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். மெதுவாக என்பதைத்தான் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்று தெரியக் கொஞ்சக் காலம் பிடித்தது.

பிறகு நான் கேட்டேன், ஒரே சொல் இரண்டு பேர் தலைக்குள் இரண்டு பொருளாக இருக்கிறதே, அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒன்றையே நினைக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்று. நீங்கள் உங்கள் தொழிலிலிருந்து பதில் சொன்னீர்கள். “ஒரு காணிக்குத் தமிழில ஒரு பேர் இருக்கும், சிங்களத்தில ஒரு பேர் இருக்கும், வெள்ளைக்காரன் வைச்ச பேர் ஒண்டும் இருக்கும். காணி அசையுதோ? இல்லையே.” சொல் என்பது மேலே ஒட்டிய துண்டு, அறிவு அதற்குக் கீழே கிடக்கிறது என்பது உங்கள் கட்சி. சொல் இல்லாமல் ஒன்றை மனதில் பிடித்து வைத்திருக்கவே முடியாது என்பது என்னுடையது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் காலை வந்தது. முகம் வழித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டு விழுந்தீர்கள். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உங்கள் வாய் அசையும், ஒன்றும் வராது. நான் பக்கத்தில் இருந்து என்னுடைய கட்சியை நினைத்துப் பயந்தேன். சொல் எல்லாம் போய்விட்டால் ஆள் எங்கே இருப்பார்?

முதல் சொல் வந்தது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன். “ஆமாங்க” என்றீர்கள்.

நான் கேலி என்று நினைத்தேன். என்னைப் போலப் பேசிக்காட்டுவது உங்களுக்குப் பழைய விளையாட்டு. அடுத்து வந்தவையும் அப்படியே இருந்தன. “போதுங்க.” “வேணாங்க.” ஆமா என்பதற்கு உங்கள் ஊரில் சொல்லும் ‘ஓம்’ ஒரு தரமும் வரவில்லை. வாறன், போறன், இஞ்ச, அங்க ஒன்றும் வரவில்லை. பிறந்து வளர்ந்த தமிழ் முழுவதும் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டது. வெளியே வந்தது நான் உங்களிடம் பேசிய தமிழ்.

பேச்சுப் பயிற்சி தந்த நஸ்ரீனைக் கேட்டேன். மடவளை ஊர்ப் பிள்ளை, சிரித்த முகம். “சில பேருக்கு ஒரு பாஷை போய் மத்த பாஷை மிஞ்சுது, ஆன்ட்டி. ஏன் இது மிஞ்சுது, ஏன் அது போகுதுண்டு எங்களுக்கும் முழுசாத் தெரியாது. ஆனா தமிழுக்குள்ளேயே ஒரு தமிழ் போய் இன்னொரு தமிழ் மிஞ்சினதை நான் இப்பதான் பாக்குறேன்” என்றாள். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சந்தோசம். நீங்கள் எத்தனையோ தரம் பகிடி பண்ணிய என் தமிழ், கடைசியில் உங்களுக்குச் சோறு தண்ணி கேட்க உதவியது.

பெரகரா ஊர்வலத்துக்குப் பாதைகளை மூடிய நாள், நஸ்ரீனிடம் பயிற்சிக்குப் புறப்பட்டோமே, நினைவிருக்கிறதா? ஓட்டோக்காரத் தம்பி குருநாகல் பக்கத்தவர், கண்டிக்குப் புதிது. பாதை வளையும் ஒரு முடக்கில் நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் போவது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நீங்கள் இடக்கையை நீட்டி அவர் தோளில் தட்டினீர்கள். பிறகு ஒவ்வொரு முடக்கிலும் கையாலேயே காட்டி, நான் அதுவரை கண்டிராத ஒரு மேட்டுப் பாதையால் ஏற்றி இறக்கி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டீர்கள். “நியமயி மஹத்தயா”, பிரமாதம் ஐயா, என்று அந்தத் தம்பி கும்பிட்டார். இந்த மலை முழுக்க நடந்து அளந்தவர் நீங்கள். அந்தப் பாதையின் பெயரைக் கேட்டிருந்தால் உங்களால் சொல்லியிருக்க முடியாது, ஆனால் பாதை உங்களிடம் இருந்தது. உங்கள் கட்சிதான் சரி என்று அன்றைக்கு உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள், பாதி முகத்தால்.

அடுத்த கிழமை ரஞ்சி வந்தாள், உங்களைக் கூட்டிப்போக. அவள் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. “அண்ணாக்கு எங்கட கதை காதில விழவேணும் அண்ணி. இஞ்ச அவரோட அப்பிடிக் கதைக்க ஆர் இருக்கினம்? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சின்னனில கேட்டதெல்லாம் திரும்பி வரும். அவருக்கு இப்ப ஒண்டும் விளங்கேல்லை, எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்டுதான்.” முதல் பாதியைக் கேட்டதும், என் பேச்சுக்குள்ளேயே இத்தனை வருடம் வைத்திருந்து உங்கள் தாய்மொழியை நான்தான் மூடிவிட்டேனோ என்று யோசித்தேன். கடைசிப் பாதியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ரஞ்சியையும் கூட்டிக்கொண்டுதான் நஸ்ரீனிடம் போனோம். படங்களைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடையைக் காட்டினால் பேசாமல் இருந்தீர்கள், சாவியைக் காட்டினால் “வேணாங்க” என்றீர்கள். நஸ்ரீன் படங்களை அடுக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “ஐயா, உங்கட பேரு என்ன?”

நீங்கள் மடியில் கிடந்த வலக்கையைப் பார்த்தீர்கள். இடக்கையால் அதைத் தூக்கி, அது தானாக விழும்படி விட்டீர்கள். பிறகு நஸ்ரீனைப் பார்த்து, “அரைப் பேருங்க” என்றீர்கள்.

நஸ்ரீன் குனிந்து ஏதோ எழுதினாள். ரஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள், சொந்தப் பேரே தெரியவில்லை என்று. நான் மட்டும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், அந்தப் பிள்ளை பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வோம். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்துபோனால் அரைப் பேர், பாதிச் சம்பளம். ஹுன்னஸ்கிரியவில் எங்கள் அம்மா சாயங்காலம் கூடையை இறக்கும்போது முகத்தைப் பார்த்தே எந்தப் பேர் என்று சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் இதை உங்களுக்குச் சொன்னேன். “ஆளையே பாதியா வெட்டிப் போடுறாங்களோ?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. அச்சகத்தில் ஏது அரைப் பேர்?

ஆகவே அது என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு ஒட்டிய சொல் அல்ல. உடம்பில் பாதி வேலை செய்யவில்லை, பேரைக் கேட்கிறார்கள், எடுத்துப் போட்டீர்கள். நான் நஸ்ரீனுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் உங்களிடமே கேட்டாள். “அப்ப இண்டைக்கு வேலை செய்யாதது எது ஐயா?” நீங்கள் வலது முழங்காலில் தட்டிக்காட்டினீர்கள். அவள் எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினாள்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த ரஞ்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. “ஆசையில அப்பிடி நினைக்கிறீங்கள் அண்ணி. பேர் எண்டது காதில விழுந்தது, அதோட ஒட்டிக்கொண்டு இன்னொண்டு வந்திட்டுது. அவ்வளவுதான்.”

‘ஆசையில அப்பிடி நினைக்கிறீங்கள்’ என்று அவள் சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் என் தொழிலில் அப்படி ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு சொல்லில் நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் கண் தானாகவே அதைப் போட்டு வாசித்துவிடும். தெரிந்த சொல் என்றால் இன்னும் மோசம். அதனால்தான் முக்கியமான பக்கங்களை நான் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி வாசிப்பேன். உங்களை அப்படி வாசிக்க முடியுமா? முப்பது வருடம் பழகிய சொல்லாயிற்றே நீங்கள். நடுவில் விட்டுப்போனதையெல்லாம் நானே போட்டு வாசித்தேனா?

இரண்டு நாளில் ரஞ்சி போய்விட்டாள், தனியாக. கூட்டிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் காரணம் விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. நீங்கள் என்னோடு இருக்கிறீர்கள், அது போதும் என்றிருந்தது.

கடைசி மாதங்களில் என் தமிழும் உங்களை விட்டுப் போனது. முதலில் ‘வேணாங்க’ போனது, பிறகு ‘போதுங்க’. மிஞ்சியது கண் மட்டும். நான் பேசிக்கொண்டே இருந்தேன், அச்சகத்துப் பிழை, மரக்கறி விலை, மெனிக்கே அக்காவின் மருமகள் சண்டை எல்லாம். வருகிறவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டால் உங்களுக்காக நானே பதில் சொல்வேன். அவருக்குச் சூடா இருந்தாத்தான் பிடிக்கும், அவருக்கு இப்ப படுக்கணுமாம். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அது சம்மதமா, இல்லை, என்னையும் பேச விடு என்ற கோபமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, இனி நடந்ததைச் சொல்கிறேன். போன கிழமை நானே ரஞ்சிக்குப் போன் எடுத்தேன்.

“அந்த வரிய எடுத்துருங்க ரஞ்சி.”

“ஏன் அண்ணி அதிலயே நிக்கிறீங்கள்?”

“அது பொய். அதனாலதான்.”

அவள் சின்னக் குரலில் சொன்னாள். “அது பொய் எண்டால் எனக்குத்தான் அண்ணி பெரிய கஷ்டம்.”

அவள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் கடைக்குப் போயிருந்தேனாம். அவள் உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். “அண்ணா, என்னோட வீட்டை வாறீங்களோ எண்டு கேட்டனான். அவர் என்னை நல்லாப் பாத்தவர். பாத்திட்டு, வாங்க, உக்காருங்க எண்டவர். கையால கதிரையைக் காட்டினவர். அண்ணி, பிறந்த நாளில இருந்து அவர் என்னை ‘இஞ்ச வா பிள்ளை’ எண்டுதான் கூப்பிடுறவர். அண்டைக்குப் பிறத்தி ஆளுக்குச் சொல்லுற மாதிரி வாங்க எண்டார். நினைவில்லாமல் சொன்னவர் எண்டால் தாங்குவன். என்னை ஆரெண்டு தெரிஞ்சுகொண்டே சொன்னவர் எண்டால் நான் என்ன செய்யிறது?”

நினைவிழந்து என்ற அந்தச் சொல்லை இத்தனை நாளும் அவள் ஒரு காயத்துக்கு மேல் துணியாகச் சுற்றி வைத்திருக்கிறாள். நான் சிவப்புப் பேனையோடு போய் அதைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

“ரஞ்சி, நான் சொல்றதக் கேளுங்க. அவருகிட்ட நான் பேசினது பூரா வாங்க, உக்காருங்க, சாப்புடுங்கதான். வா, போன்னு ஒரு நாளும் நான் அவரச் சொன்னதில்ல. சீக்குக்குப் பொறகு அவருக்கு மிஞ்சினது நான் பேசினது மட்டுந்தான். அதுல ‘வா’ எங்க இருக்கும்? பூனை பால்ல வாய வைக்க வந்தாக்கூட ‘போங்க’ன்னுதான் வெரட்டுவாரு.”

“பூனையையோ?”

“பூனையத்தான். அதுவும் அந்த மரியாதைக்கு நிதானமாத்தான் எந்திரிச்சுப் போகும்.”

ரஞ்சி சிரித்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் விடாமல் பேசினேன். எங்கள் ஆட்கள் வீட்டில் ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால்தான் சண்டை, வாசலில் அந்த ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எங்கள் சித்தி ஒருத்தி கல்யாண வீட்டில் சாப்பிடாமலே திரும்பிப்போனாள் என்று சொன்னேன். அது பிறத்தியாருக்கு வைத்த சொல் இல்லை, வேண்டியவர்களுக்குக் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டிய சொல் என்றேன்.

“அப்ப அண்ணா என்னைத் தள்ளி வைக்கேல்லையோ?”

“நீங்க அவரக் கூப்பிட்டீங்க. அவரு அதுக்குப் பதிலா உங்கள இங்க வந்து இருக்கச் சொல்லிருக்காரு.” சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. விட்டுப்போன எழுத்தை மறுபடியும் நானே போடுகிறேனா? அதனால் அதையும் சொன்னேன். “சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது ரஞ்சி. எனக்கு அப்படித்தான் படுது.”

“ஓம்,” என்றாள். பிறகு இன்னொரு தரம், “ஓம் அண்ணி.”

பின்னேரம் திருத்திய பக்கம் வந்தது. ‘இறுதிக் காலத்தில் பாரிசவாதத்தினால் பேச்சுக் குறைந்து, தன் இல்லத்தில் வாழ்ந்து இறையடி சேர்ந்தார்’ என்று இருக்கிறது. நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கீழே அவள் குரலில் ஒரு செய்தியும் இருந்தது. “திவசத்தை உங்கட வீட்டிலயே வைப்பம் அண்ணி. நான் முதலே வந்து ஒரு கிழமை நிப்பன்.” இந்தப் பேச்சையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். நான் அழுததை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். விட முடியவில்லை, அவள் என்னோடு சண்டை பிடிக்கட்டும்.

நீங்கள் அறிந்துதான் இருந்தீர்களா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை. நானும் உங்களுக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாழ்க்கை வரலாற்றில் அந்தச் சொல் இல்லை, இனி வாசிக்கிறவர்கள் பாடு.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ரஞ்சி வந்து இறங்கும்போது நான் வாசலில் நிற்பேன். எங்கள் வழக்கத்தில் சொல்ல மாட்டேன். உங்களிடம் இருந்தும், உள்ளே மாட்டிக்கொண்டு, கடைசிவரை வெளியே வர முடியாமல் போன அதைச் சொல்வேன். இந்த ஒரு கிழமையாக அடுப்படியில் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன். ‘வா’ என்றதும் பின்னால் ஒரு ‘ங்க’ ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது, அதை வெட்டிவிட்டு மறுபடியும் தொடங்குகிறேன். அவள் வருவதற்குள் எப்படியும் பழகிவிடுவேன்.

இஞ்ச வா, பிள்ளை.

இப்படிக்கு,
நீங்களும் பேர் சொல்லாமல் ‘இஞ்சேரும்’ என்றே கூப்பிட்ட,
ரஞ்சியின் அண்ணி,
பார்வதி